கையில் ஒட்டிய தித்திப்பு

திருத்தணி மலையில் முருகப்பெருமான் கிழவர் வடிவில் வந்து, முத்துசாமி தீட்சிதரின் வாயில் கற்கண்டைப் போட்டாராம். தீட்சிதரின் முதல் கீர்த்தனை அங்கே பிறந்தது என்பது ஐதீகம்.

நீரிழிவு வந்தவர்களுக்கோ கற்கண்டு ஆகாது. அவர்களுடைய காப்பிக்கும் தித்திப்புத் தேடித் தந்தவர் கான்ஸ்டன்டின் பால்பெர்க்.

1850-ல் ருஷியாவில் பிறந்த பால்பெர்க், சர்க்கரையைப் பரிசோதிப்பதில் நிபுணர். அந்த வேலைக்காகவே அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்கு வந்தார். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ரெம்சனின் ஆராய்ச்சிக்கூடத்தில் நிலக்கரித் தாரை ஆராய்ந்தார்.

1879-ல் ஒரு நாள், கை கழுவ மறந்து சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி தித்தித்தது! விரலும் தித்தித்தது. கூடத்துக்கு ஓடினார். பாத்திரம் பாத்திரமாக ருசி பார்த்தார். கிடைத்தது சாக்கரின்! சர்க்கரையைவிடப் பல நூறு மடங்கு இனிப்பு. உடலில் சேராமல் வெளியேறிவிடும்.

கட்டுரை இருவர் பெயரில் வந்தது. காப்புரிமையிலோ ரெம்சனின் பெயர் இல்லை. பேராசிரியரின் மனம் கசந்தது.

ஜெர்மனியில் பால்பெர்க்கின் ஆலை எழுந்தது. சர்க்கரை முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1902-ல் சட்டம் வந்தது. சாக்கரின் மருந்துக் கடைக்குள் அடங்கியது. 1910-ல் பால்பெர்க் மறைந்தார்.

உடல் மெலிய இத்தகைய இனிப்புகளை நம்ப வேண்டாம், இனிப்பையே குறையுங்கள் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் அது விலக்கு அளித்தது.

தீட்சிதருக்கும் ஒரு துண்டு கற்கண்டே போதுமானதாக இருந்தது!