மதமா? மனமா?

செல்லங்களே! நீங்கள் திருச்செங்கோடு மலைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போனால் அர்த்தநாரீஸ்வரரைத் தரிசிக்கலாம். ஒரு பாதி சிவன், மறு பாதி பார்வதி. அதே மலையில் செங்கோட்டு வேலவர் சந்நிதி இருக்கிறது. ஆதிகேசவப் பெருமாளும் அங்கேயே குடியிருக்கிறார். சைவமும் வைணவமும் ஒரே மலையில் சேர்ந்து இருப்பதைப் பார்க்கலாம்.

ஏறும் வழியில் அறுபதாம்படி என்று ஓர் இடம் உண்டு. அந்தக் காலத்தில் ஊரில் ஏதாவது வழக்கு வந்தால், அந்தப் படியில் நின்று சத்தியம் செய்யச் சொல்வார்களாம். சாமி முன்னால் பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது என்பது மக்களின் நம்பிக்கை.

இப்படி மனிதனைப் பொய் சொல்ல விடாமல் தடுத்த அதே சாமியின் பெயரால்தான் உலகில் பல சண்டைகளும் நடந்திருக்கின்றன. செய்தித்தாளில் அப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு, மதமே இல்லாமல் இருந்தால் சண்டையும் இருக்காதே என்று நீங்கள் அப்பாவிடமோ டீச்சரிடமோ கேட்டிருக்கலாம். பெரியவர்களையும் திணற வைக்கும் கேள்வி இது. திருச்செங்கோட்டை அடுத்த ஒரு சின்ன கிராமத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஒரு மனிதருக்கு, வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. அவர்தான் மூதறிஞர் ராஜாஜி.

வக்கீல் கட்டிய குடிசை

ராஜாஜியின் முழுப் பெயர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ம் தேதி, ஓசூர் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி கிராமத்தில் பிறந்தார். அப்பா அந்த ஊர் முன்சீப். ஆசாரமான வைணவக் குடும்பம். ஓசூரிலும், பெங்களூரிலும், பிறகு சென்னையில் சட்டமும் படித்து, 1900-ம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். சீக்கிரமே பேரும் பணமும் சேர்ந்தன. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரும் ஆனார்.

1919-ல் காந்திஜியைச் சந்தித்த பிறகு அவர் வாழ்க்கையே மாறிப் போனது. காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலைத் தூக்கி எறிந்தார். வேலூர் ஜெயிலுக்கும் போய் வந்தார்.

1925-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அந்த ஊர் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர் இடம் கொடுத்தார். சேலத்தில் வசதியாக வாழ்ந்த வக்கீல், தாயை இழந்த தம் இளைய பிள்ளைகளுடன் அங்கே ஒரு குடிசையில் குடியேறினார். சுற்றியுள்ள கிராமத்துப் பெண்கள் ராட்டையில் நூல் நூற்று வந்து கொடுத்துக் கூலி வாங்கிப் போவார்கள். ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். கள்ளுக்கடையால் குடும்பங்கள் அழிவதை எடுத்துச் சொன்னார்கள். பின்னாளில் பெரிய எழுத்தாளரான கல்கியும் இந்த ஆசிரமத்தில் இருந்துதான் ராஜாஜியோடு சேர்ந்து, மதுவிலக்குக்காக விமோசனம் என்ற பத்திரிகையை நடத்தினார்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று ஆசிரமத்தில் நடந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர்களும் மற்றவர்களும் அங்கே ஒன்றாகத் தங்கினார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். நூறு வருடங்களுக்கு முன்னால் கிராமத்தில் இது சாதாரணக் காரியம் அல்ல, செல்லங்களே! தீட்டு என்ற பெயரில் தெருவில் நடக்கக் கூட விடாத காலம் அது. அடித்தால்தான் வன்முறை என்று நினைக்காதீர்கள். தாகத்தோடு வருகிறவனைக் கிணற்றுப் பக்கம் வராதே என்று விரட்டுவதும் வன்முறைதான். அதையும் அன்று சாமியின் பெயரைச் சொல்லித்தான் செய்தார்கள்.

கும்பிடப் போனது குற்றமா?

அதே சமயத்தில் திருப்பதி பக்கம் ஒரு சம்பவம் நடந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பக்தர், ஆசையோடு திருச்சானூர் கோயிலுக்குள் போய் சாமி கும்பிட்டுவிட்டார். கோயிலைத் தீட்டுப்படுத்திவிட்டார் என்று அவர் மேல் வழக்குப் போட்டுத் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள்.

சித்தூரில் அப்பீல் நடந்தது. ராஜாஜி கோர்ட்டில் வாதாடுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்த ஏழை பக்தருக்காக விரதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வாதாட எழுந்தார். ஒரு மதத்தை அவமதிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்தால்தான் சட்டப்படி அது குற்றம். இவரோ பக்தியோடு போனவர். அவருக்கு எங்கிருந்து அந்த எண்ணம் வரும்? இதுதான் ராஜாஜியின் வாதம். அந்த பக்தர் விடுதலையானார்.

ஒரே கோயில், ஒரே சாமி. பக்தி ஒருவரை அந்தச் சாமியிடம் அழைத்துப் போனது. அதே சாமியைக் கும்பிடுகிற மற்றவர்கள் அவரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தார்கள். இதில் குற்றவாளி யார்? சாமியா, மனிதர்களின் மனசா?

ராஜாஜி இதை மறக்கவில்லை. 1937-ல் சென்னை மாகாண முதல்வரானார். 1939-ம் ஆண்டு ஜூலை மாதம் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். எதிர்ப்பு கிளம்பியது. கோயிலைத் திறந்துவிட்டவர்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாதபடி ராஜாஜியின் அரசு சட்டம் கொண்டு வந்தது.

நண்பரின் வேறு பதில்

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புதுப்பாளையம் ஆசிரமத்தைத் திறந்து வைத்தவர் யார் தெரியுமா? தந்தை பெரியார்! ஆச்சரியமாக இருக்கிறதா? ராஜாஜி சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர் என்றால், பெரியார் ஈரோடு நகராட்சிக்குத் தலைவராக இருந்தவர். இருவரும் காங்கிரசில் சேர்ந்து தோளோடு தோள் நின்ற நண்பர்கள். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை கேட்டு 1924-ல் பெரியார் ஜெயிலுக்குப் போனார்.

இருவரும் பார்த்த கொடுமை ஒன்றுதான். ஆனால் கண்ட விடை வேறு. கடவுளும் மதமும் சொல்லித்தானே சாதிக் கொடுமை நடக்கிறது, அதனால் வேரையே வெட்ட வேண்டும் என்றார் பெரியார். மதத்தில் படிந்த அழுக்கைக் கழுவினால் போதும், மதமே அன்பைக் கற்றுத் தரும் என்று நம்பினார் ராஜாஜி. 1925-ம் ஆண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

பிறகு இருவரும் எதிரெதிர் மேடையில் நின்றார்கள். 1938-ல் ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயம் ஆக்கினார். எதிர்த்த பெரியார் ஜெயிலுக்குப் போனார். 1953-ல் மீண்டும் முதல்வராக இருந்த ராஜாஜி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் இருக்கலாம் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். இது குலத்தொழிலுக்கே நம்மைத் திருப்பி அனுப்பும் என்று பெரியாரும் மற்றவர்களும் பெரும் போராட்டம் நடத்தினார்கள். சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு வந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். சாதிக் கொடுமையை எதிர்த்தவரின் திட்டமே மக்களுக்கு அப்படிப் பட்டது. பெரிய மனிதர்களும் சறுக்குவதுண்டு.

கல்கத்தாவில் எரிந்த தீ

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். 1946-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ம் தேதி கல்கத்தா நகரில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பயங்கரக் கலவரம் மூண்டது. சில நாட்களுக்குள் இரண்டு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டு நாடு இரண்டாகப் பிரிந்தது. மேற்கு வங்காளத்தின் முதல் கவர்னராக 1947 ஆகஸ்ட் 15 அன்று பொறுப்பேற்றவர் நம் ராஜாஜி!

காந்திஜி அப்போது கல்கத்தாவில் பெலியாகட்டா என்ற பகுதியில், ஒரு முஸ்லிம் வீட்டில் தங்கியிருந்தார். சுதந்திர தினத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கட்டித் தழுவிக் கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில், ஆகஸ்ட் மாதக் கடைசியில் கலவரம் மீண்டும் வெடித்தது. காந்திஜி தங்கியிருந்த வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டம் புகுந்தது. செப்டம்பர் 1-ம் தேதி காந்திஜி உண்ணாவிரதம் தொடங்க முடிவு செய்தார். அமைதி திரும்பினால்தான் சாப்பிடுவார். இல்லாவிட்டால் உயிரை விடவும் தயார்.

செய்தி கேட்டு ராஜாஜி ஓடி வந்தார். காந்திஜிக்கு வயது 77. உடம்பு தாங்குமா? கலவரம் செய்பவர்கள் ரவுடிகள். ரவுடிகளை எதிர்த்து யாராவது உண்ணாவிரதம் இருப்பார்களா என்று கேட்டார். காந்திஜி சொன்ன பதில்தான் நமக்கு முக்கியம். ரவுடிகளுக்குப் பின்னால் இருப்பவர்களின் மனதைத் தொடவே விரும்புவதாகச் சொன்னார் அவர். நல்லவர்கள் என்று பேர் எடுத்தவர்கள், எதிர்த் தரப்பு அடி வாங்கும்போது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டால், ரவுடிக்குத் தைரியம் வந்துவிடும் அல்லவா?

ராஜாஜியின் வாதம் எடுபடவில்லை. ஆனால் அவருடைய வக்கீல் மூளை சும்மா இருக்குமா? காந்திஜி எழுதிய அறிக்கையில், குடிக்கும் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்படைத்த பிறகு எலுமிச்சை எதற்கு என்று ராஜாஜி மடக்கினார். காந்திஜி உடனே அந்த வரியை அடித்துவிட்டார்.

மூன்று நாட்கள் போயின. கல்கத்தா மனசு மாறத் தொடங்கியது. போலீஸ்காரர்களில் பலர் வேலை பார்த்துக் கொண்டே பட்டினி இருந்தார்கள். சண்டைக்காரர்கள் ஆயுதங்களைக் கொண்டு வந்து ஒப்படைத்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் இனிமேல் கலவரத்தைத் தங்கள் உயிரைக் கொடுத்தாவது தடுப்போம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். செப்டம்பர் 4-ம் தேதி இரவு காந்திஜி பழச்சாறு அருந்தினார். பஞ்சாபில் ரத்த ஆறு ஓடிய அந்த நாட்களில், கல்கத்தா அமைதியானது.

யோசித்துப் பாருங்கள். அங்கே கத்தியை எடுத்தவனும் கடவுள் பெயரைச் சொன்னான். பட்டினி கிடந்த காந்திஜியும் கடவுள் பெயரைத்தான் சொன்னார். ஐந்து மாதம் கழித்து, 1948 ஜனவரி 30 அன்று, காந்திஜியைச் சுட்டுக் கொன்றவன் வேறு மதத்தைச் சேர்ந்தவன் அல்ல.

அதன் பின் ராஜாஜி இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர், கடைசி கவர்னர் ஜெனரலும் அவரே.

குண்டுக்கு மதம் இல்லை

ராஜாஜி மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் எளிய தமிழில் எழுதியவர். சக்கரவர்த்தித் திருமகன் என்ற அவருடைய ராமாயணத்துக்கு 1958-ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. பாரதக் கதையை எடுத்துக் கொள்ளுங்கள். பாண்டவர்களும் கௌரவர்களும் கும்பிட்டது ஒரே தெய்வங்களைத்தான். ஒரே தாத்தாவின் மடியில் வளர்ந்தவர்கள். ஆனாலும் குருட்சேத்திரம் நடந்தது. மண்ணாசையும் பொறாமையும் போதுமானதாக இருந்தன.

1914-ல் தொடங்கிய முதல் உலகப் போரில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதிக் கொண்டன. இரண்டுமே கிறிஸ்தவ நாடுகள். 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த அணுகுண்டுகள் எந்த மதத்துக்காகவும் விழவில்லை.

அந்த அணுகுண்டு ராஜாஜியை மிகவும் கவலைப்பட வைத்தது. 1962-ல், 83 வயதில், வெளிநாட்டுப் பயணம் கிளம்பினார். வேட்டி கட்டிய அந்த முதியவர் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியை நேரில் பார்த்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி கேட்டார். 1966-ல் ஐ.நா. சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடுவதற்காக, உலக அமைதிக்கான பிரார்த்தனைப் பாடல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்.

1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி, 94 வயதில் ராஜாஜி சென்னையில் காலமானார். இறுதிச் சடங்குக்கு சக்கர நாற்காலியில் ஒரு முதியவர் வந்தார். கண்ணீர் விட்டு அழுதார். அவர்தான் பெரியார். ஒருவர் கடவுளை நம்பியவர், மற்றவர் கடவுள் இல்லை என்றவர். ஐம்பது வருடம் கொள்கையில் மோதிக் கொண்டார்கள். ஆனால் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த பாசம் குறையவே இல்லை.

செல்லங்களே, தமிழில் மதம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. யானைக்கு மதம் பிடித்தது என்கிறோம் அல்லவா? மதம் பிடித்தால் தன்னை வளர்த்த பாகனையே யானைக்கு அடையாளம் தெரியாது. மனிதனுக்கும் அப்படிப் பிடிப்பதுண்டு. அது சாமியின் பெயராலும் வரும், சாதி, நாடு, மொழி, கட்சியின் பெயராலும் வரும். அதற்காக, மதத்தின் மேல் குற்றமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திருச்சானூர் பக்தரைக் கேட்டால் சொல்லியிருப்பார். சாமியின் பெயரால் ஒருவருக்குக் கொடுமை நடக்கும்போது, அதே சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான் முதலில் எழுந்து தடுக்க வேண்டும். ராஜாஜி அந்தக் கோர்ட்டில் எழுந்து நின்றது போல.

நாளை உங்கள் வகுப்பில் யாராவது ஒரு பையனை, அவன் கும்பிடும் சாமியைச் சொல்லியோ, சாமி கும்பிடாததைச் சொல்லியோ கேலி செய்தால், நீங்கள் சேர்ந்து சிரிப்பீர்களா? எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்காருவீர்களா?

அடுத்த முறை திருச்செங்கோடு போனால், மலையை விட்டு இறங்கியதும் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்!