செக்வோயா

செக்வோயா (ஏறத்தாழ 1770 – 1843) ஐக்கிய அமெரிக்காவின் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்த கைவினைஞரும் போர்வீரரும் ஆவார். செரோக்கி மொழிக்கு எழுத்து முறையை உருவாக்கியவர் இவரே. எந்த மொழியிலும் எழுதப் படிக்க அறியாத ஒருவர் தனியாக முழுமையான எழுத்து முறை ஒன்றை அமைத்தது உலக வரலாற்றில் மிக அரிதான நிகழ்வாகும்.

இளமையும் தொழிலும்

செக்வோயா இன்றைய டென்னசி மாநிலத்தில் உள்ள டஸ்கீகி என்னும் செரோக்கி ஊரில் பிறந்தார். தாயார் வூட்டே இவரை வளர்த்தார். தந்தை யார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஜார்ஜ் கெஸ் என்ற ஆங்கிலப் பெயரும் இவருக்கு இருந்தது. ஒரு கால் ஊனமுற்றிருந்த இவர், வெள்ளி வேலையிலும் இரும்பு வேலையிலும் தேர்ந்திருந்தார். 1813-14 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படையின் செரோக்கிப் பிரிவில் சேர்ந்து, கிரீக் இனத்தவரில் ஒரு சாராருக்கு எதிரான போரில் பணியாற்றினார். 1815 ஆம் ஆண்டில் சாலி என்பவரை மணந்தார்.

எழுத்து முறை

வெள்ளையர் தாளில் எழுதிய குறிகளின் மூலம் தொலைவில் இருப்போருடன் செய்தி பரிமாறுவது செக்வோயாவின் கருத்தைக் கவர்ந்தது. ஏறத்தாழ 1809 ஆம் ஆண்டில் தம் முயற்சியைத் தொடங்கினார். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி அமைத்தார். குறிகள் பெருகியதால் அம்முறையைக் கைவிட்டு, சொற்களை அசைகளாகப் பிரித்தார். இவ்வாறு 86 குறிகள் உருவாயின. பின்னர் ஒன்று நீக்கப்பட்டு 85 ஆயின. தமிழின் உயிர்மெய் எழுத்தைப் போல இவற்றுள் பெரும்பாலானவை மெய்யும் உயிரும் சேர்ந்த ஒலியைக் குறிப்பன. ஆயினும் அவற்றின் வடிவங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை.

இவர் தொழிலை மறந்து குறிகளை வரைந்து கொண்டிருந்ததைக் கண்ட அயலவர், இது மாந்திரீகம் என ஐயுற்றனர். மனைவியே இவருடைய தொடக்கக் குறிப்புகளை எரித்துவிட்டதாகவும் கூறப்படுகிறது. இவரிடம் முதலில் எழுத்துக் கற்றவர் மகள் அயோக்கா. 1821 ஆம் ஆண்டில் தந்தையும் மகளும் தனித்தனியே வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். ஒருவர் எழுதியதை மற்றவர் பிழையின்றிப் படிக்கவே, தலைவர்களின் ஐயம் நீங்கியது.

சில ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான செரோக்கியர் எழுத்தறிவு பெற்றனர். 1825 ஆம் ஆண்டில் செரோக்கி நாடு இம்முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1828 பெப்ரவரி 21 அன்று நியூ எக்கோட்டா நகரில் "செரோக்கி பீனிக்ஸ்" இதழ் செரோக்கி, ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் வெளிவரத் தொடங்கியது.

பிற்காலம்

1829 ஆம் ஆண்டில் செக்வோயா இன்றைய ஒக்லகோமாவில் குடியேறி, சாலிசா அருகே மரக்கட்டைகளால் ஒரு வீடு கட்டினார். 1838-39 ஆம் ஆண்டுகளில் கிழக்கிலிருந்த செரோக்கியரை அமெரிக்க அரசு வலிந்து வெளியேற்றியது. "கண்ணீர்த் தடம்" எனப்படும் இவ்வெளியேற்றத்தில் சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. புதிதாக வந்தோருக்கும் முன்பே குடியேறியோருக்கும் இடையே பகை மூண்டபோது, இரு சாராரையும் ஒன்றிணைத்த 1839 ஆம் ஆண்டு உடன்பாட்டில் செக்வோயா முக்கிய பங்காற்றினார். 1842 ஆம் ஆண்டில், மெக்சிகோவில் சிதறி வாழ்ந்த செரோக்கியரைத் தேடிப் பயணம் மேற்கொண்ட இவர், அங்கேயே 1843 ஆம் ஆண்டில் காலமானார். இவரது கல்லறை இருக்கும் இடம் உறுதியாக அறியப்படவில்லை.

நினைவு

1917 ஆம் ஆண்டில் ஒக்லகோமா மாநிலத்தின் சார்பில் இவரது சிலை அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டது. சாலிசா வீடு 1965 ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. செக்வோயா மரப் பேரினத்தின் பெயரும் இவரை நினைவுகூர்வதாகக் கருதப்படுகிறது. 1999 ஆம் ஆண்டில் செரோக்கி எழுத்துக்கள் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டன. இன்றும் செரோக்கி மொழி இவ்வெழுத்துக்களால் எழுதப்படுகிறது.