ஐயமே துணை

லியோன் டெசரெங் டி போர் 1855ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். பிரான்சு நாட்டு வானிலை அலுவலகத்தில் பணியாற்றிய அவர், 1896ஆம் ஆண்டு அப்பணியைத் துறந்தார். வெர்சாய் நகருக்கு அருகிலுள்ள டிராப் என்னும் ஊரில் தாமே ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார்.

நிலத்திலிருந்து மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். இக்குறைவு முடிவின்றித் தொடரும் என்றே அறிஞர் பலர் எண்ணினர். டி போர், வெப்பமானி பொருத்திய ஆளில்லாப் பலூன்களை வானில் செலுத்தினார். ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்கு மேல் வெப்பநிலை குறையவில்லை என அவை காட்டின.

புதுமை கண்டதாக அவர் உடனே அறிவிக்கவில்லை. தம் கருவியையே ஐயுற்றார். வெயில் பட்டு அது சூடேறியிருக்கலாம் அன்றோ? ஆகவே பலூன்களை இரவிலும் பறக்கவிட்டார். விடை மாறவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களால் சோதித்த பின்னரே, 1902ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் தம் முடிவை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு அஸ்மானும் தனியே ஆய்ந்து அதே முடிவை அறிவித்தார்.

காற்று மேலும் கீழுமாய்க் கலந்து மழையும் புயலும் தோன்றும் கீழடுக்கிற்கு ட்ரோபோஸ்பியர் என்றும், அதன்மேல் அமைதியாய்ப் படிந்துள்ள அடுக்கிற்கு ஸ்ட்ராட்டோஸ்பியர் என்றும் டி போர் பெயரிட்டார். 1913ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் இட்ட பெயர்களையே உலகம் இன்றும் வழங்குகிறது.

சொற்பொருள்: ஐயுறுதல் – சந்தேகித்தல், துறத்தல் – விட்டுவிடுதல்.

வினா: டி போர் பலூன்களை இரவிலும் பறக்கவிட்டது ஏன்?