பூத்த இடத்திலே பூவைத் தீட்டியவர்

மலரோவியம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது பெரும்பாலும் ஒரு பூச்சாடியே. கொய்த மலர்களைச் சாடியிற் செருகித் தைல வண்ணத்தில் தீட்டும் மரபு, 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து ஓவியர் கையிலே உச்சம் பெற்றது. அச்சாடியை விட்டு நீங்கி, மலர் பூத்த மண்ணையே தேடிச் சென்ற ஒருவரின் வரலாற்றைக் கிரான் வாவிக்கரையில் வாழும் யான் அடிக்கடி எண்ணுவதுண்டு. அவர்தாம் மேரியான் நோர்த் அம்மையார்.

1830ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரிலே பிறந்த அவருக்கு இளமையில் இசையே பெருவேட்கை. குரல் கைகொடாமையால் தூரிகையை நாடினார். மலர் தீட்டக் கற்பித்தவர்களுள் ஒல்லாந்துப் பெண்மணி ஒருவரும் இருந்தார். 1855இல் அன்னையார் மறைந்தார். தந்தையாரைப் பிரிவதில்லை என்று தாய்க்கு அளித்த வாக்கை அவர் இறுதிவரை காத்தார்.

ஒருமுறை கியூ பூங்காவுக்குச் சென்றபோது, அதன் தலைவர் வில்லியம் ஹூக்கர், பர்மா நாட்டு அம்ஹெர்ஸ்டியா மரத்தின் செந்நிறப் பூங்கொத்து ஒன்றை அவர் கையிற் கொடுத்தார். இம்மலர் தன் சொந்த மண்ணில் எவ்வாறு பூத்துக் குலுங்கும் என்னும் ஏக்கம் அன்று வேரூன்றியது.

1869இல் தந்தையாரும் மறைந்தார். துயரிலே துவண்டு கிடக்காது, 1871இல் பயணப்பட்டார். அமெரிக்கா, யமேக்கா, பிரேசில், யப்பான், போர்னியோ, சாவகம் எனத் தொடர்ந்து, 1877இன் தொடக்கத்தில் நம் ஈழத்திலும் தங்கினார். களுத்துறையில் வாழ்ந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அவரைப் படம் பிடித்தார். பின்னர்த் தஞ்சாவூரிலே வடமொழி அறிஞர் பர்னெலைக் கண்டு, இந்துக்கள் புனிதமாகப் போற்றும் தாவரங்களைத் தீட்டலானார்.

தாவர ஓவியர் பலர் வெண்டாளில் நீர்வண்ணத்தால் ஒற்றைக் கிளையைத் தீட்டிய காலம் அது. அம்மையாரோ தைல வண்ணத்தைக் கையாண்டு, மலரோடு அதன் மலையையும் நீர்நிலையையும் சேர்த்தே தீட்டினார். சராவாக்கின் கண்டற் சதுப்பும் அவர் தூரிகைக்கு அகப்பட்டது. அவர் தீட்டிய போர்னியோக் குடுவைச்செடி ஒன்று அறிவியலுக்குப் புதியதென அறியப்பட்டு, அவர் பெயரையே பெற்றது.

1882இல் கியூவிலே அவர் தம் செலவில் எழுப்பிய கூடம் திறக்கப்பட்டது. 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் அங்கே சுவரை மூடி நிற்கின்றன. வருவோருக்குத் தேநீரும் கோப்பியும் அளிக்க விரும்பினார்; அனுமதி கிட்டவில்லை. ஆகவே தேயிலையையும் கோப்பியையும் வாயில்களின் மேல் வரைந்து வைத்தார்! 1890இல் மறைந்தார்.

பேரரசின் செல்வாக்கு அவருக்கு வழி திறந்தது என்பதை மறைத்தற்கில்லை. பூவைக் காட்டிக் கொடுத்த உள்ளூர் மக்களின் பெயர்கள் அச்சுவர்களில் இல்லை. எனினும் ஓர் உண்மையை அவர் நிலைநாட்டினார்: மலர் தன் நிலத்தினின்றும் வேறன்று. குறிஞ்சி, நெய்தல் என நிலத்தையே பூவின் பெயரால் அழைத்த மரபினர் நாம். இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. ஆயினும் நம் மாணவர் இன்னும் சாடிப்பூவையே பார்த்து வரைகின்றனர். அவர்களைத் தாமரைக் குளத்துக்கும் கண்டற் கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள், ஆசிரியர்களே. கரை அழிந்தபின் பூவை வரைந்து பயனென்ன?