மணம் கேட்ட பெருந்தகை

ஜப்பானியக் கவிதை மரபிலும் நறுமணக் கலையிலும் ஒருங்கே நிலைபெற்ற பெயர் சன்ஜோநிஷி சனெதக்கா. 1455இல் கியோத்தோ நகரின் உயர்குடியொன்றில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். 1467இல் ஓனின் போர் மூண்டது. பத்தாண்டுகள் நீடித்த அப்போரில் தலைநகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. மாளிகைகளோடு, தலைமுறைகள் காத்துவந்த சுவடிகளும் எரிந்தன.

எஞ்சியவற்றைக் காப்பதே சனெதக்காவின் வாழ்நாட் பணியாயிற்று. முராசாகி சீமாட்டி இயற்றிய கெஞ்சி கதையை அவர் படியெடுத்தார், பாடங்களை ஒப்புநோக்கினார், உரையும் வகுத்தார். எளிய குடியில் தோன்றிய தொடர்கவிதை மேதை சோகியிடம், குலப்பெருமை பாராது மாணவராக அமர்ந்து, கொகின்ஷு என்னும் பழந்தொகையின் வாய்மொழி மரபைப் பெற்றார்.

நறுமணக் கலையும் அந்நாளில் புதுவடிவம் கொண்டது. முன்னைய அரசவையினர் வாசனைப் பொருள்களைப் பொடித்துத் தேனில் பிசைந்து புகைத்தனர். சனெதக்காவின் காலத்திலோ ஒற்றை அகிற்துண்டே போதுமென்றாயிற்று. கிண்ணத்துச் சாம்பலில் கரித்துண்டைப் புதைத்து, மேலே காக்கைப்பொன் தகடு வைத்து, அதன்மீது அகிற்சிறாய் இடுவர். அது எரியாது, வெம்மையில் மணம் மட்டும் எழும். அம்மணத்தை முகர்தல் என்னாது கேட்டல் என்பதே இக்கலையின் வழக்கு. ஜப்பானில் அகில் மரம் விளைவதில்லை. தென்கிழக்காசியக் காடுகளிலிருந்து கடல்வழி வந்த ஒவ்வொரு துண்டும் அரும்பொருளாயிருந்தது. சோகுன் யோஷிமாசாவின் காலத்தில் அவ்வரிய துண்டுகளை ஆய்ந்து வகைப்படுத்தியவர்கள் சனெதக்காவும் ஷினோ சோஷினும் என்பது மரபு. ஓஇயே, ஷினோ என்னும் இரு பெருநெறிகளும் இவ்விருவரையே முதல்வராகக் கொண்டுள்ளன.

புகழ் வளர்ந்தது, வறுமை நீங்கவில்லை. 1500இல் மறைந்த பேரரசரின் ஈமச்சடங்கு, பொருளின்மையால் நாற்பது நாட்களுக்கு மேல் தடைப்பட்டது. அடுத்த பேரரசரின் முடிசூட்டு விழா 1521 வரை நடைபெறவில்லை. 1506இல் அமைச்சராக உயர்ந்த சனெதக்காவின் குடும்ப நிலங்களின் வருவாயும் படைத்தலைவர்கள் கைக்குப் போயிற்று. அவர் கவிதைகளை எழுதிக்கொடுத்துப் பொருள் பெற்றார். தம் கைப்பட எழுதிய கெஞ்சி கதைப் பிரதியையும் விற்க நேர்ந்தது. ஆயினும் அவ்விற்பனையே தலைநகரின் இலக்கியத்தைத் தொலைநாட்டுக் கோட்டைகளுக்குக் கொண்டுசேர்த்தது. 1474இல் தொடங்கிய நாட்குறிப்பை அவர் 1536 வரை எழுதிவந்தார். வறுமையும் கவியரங்கும் அதில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன.

முதுமையில் துறவு பூண்ட பின்னரும் மாணவர் வருகை ஓயவில்லை. சக்காய் நகர வணிகர் தக்கேனோ ஜோஓ அவரிடம் கவிதை பயின்றார். அங்கே கற்ற எளிமையைத் தேநீர்க் கலைக்குள் கொண்டுசென்ற ஜோஓவின் மாணவரே புகழ்பெற்ற சென் நோ ரிக்யூ.

1537இல் சனெதக்கா மறைந்தார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்துக் கெஞ்சிகோ என்னும் நறுமண ஆட்டம் உருவாயிற்று. அதில் ஐந்து முறை மணம் கேட்டு, எவை ஒன்று, எவை வேறு என்று உணர்ந்து, ஐந்து நெடுங்கோடுகளை இணைத்தும் பிரித்தும் வரைவர். அவ்வாறு அமையக்கூடியவை 52 கோலங்கள். கெஞ்சி கதையின் 54 இயல்களுள் முதலும் இறுதியும் நீங்கலாக ஏனையவற்றின் பெயர்கள் அக்கோலங்களுக்குச் சூட்டப்பட்டன. போர்த்தீக்குத் தப்பியதைச் சனெதக்கா படியெடுத்துக் காத்த கதையின் பெயர்களே, மணம் கேட்போர் கூறும் விடைகளாயின.