குழந்தையின் கையை நம்பிய அம்மையார்

ஒருவரின் இயற்பெயர் பொதுப்பெயராகிவிட்ட விந்தையைக் கொழும்பு மாநகரில் நாள்தோறும் காண்கிறோம். வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும், பாலர் பள்ளி என்று சொல்வார் அரியர். பிள்ளை மொண்டிசோரிக்குப் போகிறது என்பதே தாய்மாரின் வழக்கு. அஃது ஒரு பெண்மணியின் பெயர் என்பதையும், அவ்வம்மையார் 1944ஆம் ஆண்டில் இந்நகருக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பாடஞ் சொன்னவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்த எனக்கு அவரது வரலாற்றை எடுத்துரைக்கும் அவா பல நாளாக உண்டு.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். தாயார் நூற்பயிற்சி மிக்கவர். எந்திரவியல் கற்க விரும்பித் தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்த பெண், பின்னர் மனம் மாறி மருத்துவத்தை நாடினார். ஆடவர் நடுவே ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பயில்வது தகாது என்று கருதப்பட்ட காலம் அது. ஆதலின் மற்றவர் சென்ற பின் மாலை வேளையிலே தனித்திருந்து அப்பயிற்சியைச் செய்தார் என்பர். 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அவரைக் கல்வித் துறைக்கு இழுத்தவை பள்ளிக்கூடங்கள் அல்ல, மனநோய் விடுதிகளே. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பைத்தியக்காரரோடு அடைத்து வைத்திருந்தனர். வெறுஞ்சுவரன்றி வேறொன்றுமில்லாத அறை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையிற் சிதறிய பாண் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கி விளையாடினர். காவற்காரிக்கு அது வெறும் பெருந்தீனியாகத் தோன்றிற்று. இளம் மருத்துவரோ அங்கே வேறொரு பசியைக் கண்டார். தொட்டுப் பார்க்கவும் உருட்டிப் பார்க்கவும் ஒன்றுமில்லாத கைகளின் பசி அது. இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களைத் தேடிக் கற்று, அவர்கள் காட்டிய வழியில் கருவிகள் செய்து அக்குழந்தைகளைப் பயிற்றினார். அவருட் சிலர் மற்றப் பிள்ளைகளுக்குரிய பரீட்சையிலேயே தேறினர். ஊர் வியந்தது. அம்மையாருக்கோ, நல்ல உடலும் அறிவும் படைத்த பிள்ளைகள் பள்ளிகளில் இவ்வளவு தாழ்ந்து நிற்பது ஏன் என்ற கவலையே பிறந்தது.

இக்காலத்தில் அவர் வாழ்வில் ஒரு துயரம் நேர்ந்தது. 1898இல் மணமாகாத நிலையில் மாரியோ என்னும் மகனைப் பெற்றார். தொழிலும் பெயரும் அழியுமென்ற அச்சத்தால் குழந்தை நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றில் மறைவாக வளர்ந்தது. உலகத்துக் குழந்தைகளின் பருவத்தை ஆராய்ந்தவர் தம் மகனின் குழந்தைப் பருவத்தை அருகிருந்து காணவில்லை. இதனை மூடிவைத்துப் புகழ் மட்டும் பாடுவது வரலாறாகாது.

1907 சனவரி 6ஆம் நாள், உரோமையில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவர்களைக் கெடுக்கின்றன என்பதே கட்டடக்காரரின் கவலை! ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள் சேர்ந்தனர். அவர்கள் முன் அம்மையார் வைத்தவை புத்தகங்கள் அல்ல. மரக்கட்டையில் குழிகள், அக்குழிகளில் அளவாகப் பொருந்தும் உருளைகள் பத்து. ஒன்றை மாறிப் போட்டால் இறுதியில் ஓர் உருளைக்கு இடமிராது. ஆசிரியை திருத்த வேண்டியதில்லை. கட்டையே பிழையைக் காட்டிவிடும். ஒரு சென்ரிமீற்றரிலிருந்து பத்து சென்ரிமீற்றர் வரை வளரும் கனங்களை அடுக்கிக் கோபுரம் கட்டினர். பொத்தான் பூட்டவும் நாடா முடியவும் சட்டங்கள் இருந்தன. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வுருளைகளை நாற்பது தடவைக்கு மேல் எடுத்தும் பொருத்தியும் தன்னை மறந்திருந்தாளாம். சுற்றியிருந்தோர் பாடியதும் ஆடியதும் அவளைக் கலைக்கவில்லை. நம் வகுப்புகளிலே கவனம் இல்லை என்று பிள்ளையைக் குறை சொல்லும் நாம், கவனிப்பதற்கு எதைக் கொடுத்தோம் என்று எண்ணுவதுண்டோ?

எழுத்தைக் கற்பித்த வகை இன்னும் அழகியது. சொரசொரப்பான கடதாசியில் எழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை விரலால் அவ்வடிவைத் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். கண்ணும் செவியும் விரலும் ஒருங்கே கற்றன. சில மாதங்களுக்குப் பின் ஒருநாள், வெண்கட்டி கொண்டு தரையிற் படம் வரைந்துகொண்டிருந்த சிறுவன் ஒருவன் எவரும் ஏவாமலே சொற்களை எழுதத் தொடங்கினான். அதைக் கண்ட மற்றப் பிள்ளைகளும் எழுதலாயினர்.

இதனைப் படித்தபோது நம் ஏடு தொடக்கும் வழக்கமே என் நினைவில் எழுந்தது. விசயதசமியிலோ தைப்பூசத்திலோ, தாம்பாளத்திற் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவிக்கிறோம். திண்ணைப் பள்ளியில் மணலும் அவ்வாறே பயன்பட்டது. விரல்வழி எழுத்தேறும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நாமோ அதை ஒருநாட் சடங்காக்கிவிட்டு மறுநாளே பென்சிலைத் திணிக்கிறோம்.

பின்வந்த புகழை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1909இல் வெளியான அவரது நூல் பல மொழிகளிற் சென்றது. முதலில் ஆதரவளித்த முசோலினியின் அரசோடு பிணங்கியதால் 1934இல் இத்தாலியை விட்டு நீங்கினார். இசுப்பானியாவில் உள்நாட்டுப் போர் மூள, 1936இல் ஒல்லாந்து சென்றார்.

1939இல் பிரம்மஞான சபையார் அழைப்பை ஏற்று மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் முந்நூறு பேரளவில் அமர்ந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியிற் பேச, மாரியோ ஆங்கிலத்தில் ஆக்கினார். சில மாதங்களே தங்க வந்தவரைப் போர் பிடித்து நிறுத்திற்று. 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானியருக்கு அவர்கள் எதிரி நாட்டவராயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று எல்லைக்குள் இருக்க வேண்டியதாயிற்று. அவரது எழுபதாம் பிறந்தநாளன்று மாரியோ விடுவிக்கப்பட்டார். அரசப் பிரதிநிதியின் செய்தி அவரை மகன் என்றே குறித்தது என்பர். நாற்பதாண்டு மறைத்த உறவை வெளிப்படையாகச் சொன்னது வேற்றரசின் தந்தி!

பின்பு கோடைக்கானலில் வாழ்ந்த ஆண்டுகளில் மலைச்சாரலின் செடிகொடிகளே பாடமாயின. அங்கே அவரோடு பணிசெய்தவருள் நம் நாட்டவரான லீனா விக்கிரமரத்ன அம்மையாரும் ஒருவர். 1944இல் நடமாடும் உரிமை ஓரளவு கிடைத்ததும் இலங்கைக்கு வந்தார். கொட்டாஞ்சேனை நல்லாயன் கன்னியர் அவர் பெயரால் ஆசிரியைகளைப் பயிற்றியதும், ஒழுங்கைதோறும் அவர் பெயர் எழுந்ததும் பின் விளைந்தவை.

பெயர் பரந்த அளவுக்குப் பொருள் பரவியதா? அம்முறையை உள்ளபடி போற்றும் இல்லங்கள் இந்நகரில் உண்டு. ஆயின் கனங்களும் உருளைகளும் கண்ணாடி அலுமாரியில் பெற்றோருக்குக் காட்சிப் பொருளாய் இருக்க, நான்கு வயதுப் பிள்ளை கொப்பியில் வரிவரியாக எழுதும் இடங்களையும் கண்டிருக்கிறேன். ஆசிரியைகளை மட்டும் நோவது முறையன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் பாலர் வகுப்பு வரை நீள்கிறது. வீட்டுவேலை கொடுக்காத பள்ளியைப் பெற்றோரே மதிப்பதில்லை. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைக்கு முற்றமில்லை, மண்ணில்லை, கிணற்றடியில்லை. செம்பிலிருந்து செம்புக்கு நீர் வார்ப்பதும், கலந்து கிடக்கும் பயற்றையும் கடலையையும் பிரித்து வைப்பதும் அதற்குப் பள்ளியிற் கிடைக்காவிடின் வேறெங்குக் கிடைக்கும்? இவற்றுக்கு இத்தாலியிலிருந்து கருவி வரவேண்டியதுமில்லை, சமையலறையே போதும்.

போர் முடிந்து 1946இல் ஐரோப்பாவுக்கு மீண்ட அம்மையார் மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார். அகமதாபாத்தில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து உருவான அவரது நூல் 1949இல் அடையாற்றிலேயே அச்சேறியது. 1952 மே 6ஆம் நாள், எண்பத்தோராம் வயதில், ஒல்லாந்தின் கடலோர ஊராகிய நோர்ட்வைக்கில் உயிர்நீத்தார். அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார். மாரியோ தாயின் பணியை 1982இல் தாம் இறக்கும் வரை நடத்தினார். லீனா விக்கிரமரத்ன அமெரிக்கா சென்று அந்நாட்டு ஆசிரியர்களுக்கு இம்முறையைக் கற்பித்தார்.