ராபர்ட் புரூஸ் ஃபூட்

ராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 – டிசம்பர் 29, 1912) ஆங்கிலேய நிலவியலாளரும் தொல்லியலாளரும் ஆவார். நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைவதிலும் தேர்ந்தவர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனக் குறிப்பிடப்படுகிறார்.

இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்த இவர், 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பீட்டர் பெர்சிவலின் மகள் இவருடைய முதல் மனைவி ஆவார்.

கண்டுபிடிப்புகள்

பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் மனித இனத்தின் தொன்மைக்குச் சான்றாக 1859 இல் ஏற்கப்பட்டன. இந்தியாவில் அதுவரை பழைய கற்காலக் கருவி எதுவும் இனங்காணப்படவில்லை. மே 30, 1863 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் ஃபூட் அத்தகைய கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டறிந்தார். காலக்கணிப்பு முறைகள் இல்லாத அந்நாளில், மண்ணடுக்குகளைக் கூர்ந்து நோக்கியே அவற்றின் தொன்மையை உணர்ந்தார். அத்திரம்பாக்கக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என 2011 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

ஏற்காட்டில்

1891 இல் ஓய்வு பெற்றபின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணிபுரிந்தார். ஏற்காட்டில் 'ஐவி காட்டேஜ்' என்ற இல்லத்தில் வாழ்ந்தார். சேர்வராயன் மலை மக்கள், தாம் கண்டெடுத்த புதிய கற்காலக் கோடரிகளைக் கோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். இவருக்கு முன்பே அவற்றைப் பாதுகாத்தவர்கள் அவர்களே எனலாம். இவரது தொல்பொருள் தொகுப்பு 1904 இல் சென்னை அருங்காட்சியகத்தால் விலைக்கு வாங்கப்பட்டது. அதன் விளக்கப் பட்டியல் இவர் மறைந்த பின்னர் 1914 இல் வெளிவந்தது. கல்கத்தாவில் காலமான ஃபூட்டின் அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.